காத்திருக்கும் போர்டு

"லேப்டாப் ஆன் ஆகலை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு கோளாறுகள் இருக்கின்றன. சார்ஜரைச் செருகினால் விளக்கே எரிவதில்லை என்பது ஒன்று. விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை என்பது இன்னொன்று. சிலவற்றில் விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும்; மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். வேறு சிலவற்றில் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், திரை மட்டும் கறுப்பு. வாடிக்கையாளருக்கு நான்கும் ஒன்றுதான். பழுது பார்ப்பவருக்கு இவை போர்டின் நான்கு வெவ்வேறு மூலைகள்.

'போர்டு போயிடுச்சு' என்று சொல்லிப் புதுப் போர்டின் விலையைக் காட்டுவது சுலபம். அந்த விலை பல சமயம் லேப்டாப்பின் இன்றைய மதிப்பைவிட அதிகம் என்பதால் லேப்டாப்பே குப்பைக்குப் போகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் உள்ள போர்டில் கெட்டது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மீதியெல்லாம் நல்ல நிலையில், தமக்கு முந்தைய வேலை முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் படியில் ஓட்டம் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முதலில் படிகள் தெரிய வேண்டும்.

அணைத்து வைத்த லேப்டாப் முழுக்க அணைந்திருப்பதில்லை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை, கணினியின் உறக்கத்தைப் படிகளாகப் பிரித்துப் பெயர் வைத்தது. ஜி3 என்றால் மின்சாரமே இல்லாத நிலை. எஸ்5 என்றால் அணைத்த நிலைதான், ஆனால் பட்டனைக் கவனிக்க ஒரு மூலை விழித்திருக்கும். எஸ்3-ல் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். எஸ்0 முழு விழிப்பு. இன்றைக்கும் லாஜிக் போர்டின் சர்க்யூட் படத்தில் பல மின் லைன்களின் பெயருக்குப் பின்னால் இந்த எழுத்தும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைப் பார்த்தே இந்த லைன் எப்போது உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

சாதாரண விண்டோஸ் லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடாப்டரிலிருந்து 19 வோல்ட் வருகிறது. அது நேராக உள்ளே போவதில்லை. வாசலில் மாஸ்ஃபெட் என்ற இரண்டு மின்சுவிட்சுகள் மறித்து நிற்கின்றன. அடாப்டர் ஒழுங்கானதுதானா என்று சார்ஜிங் ஐசி சரிபார்த்த பிறகே அவை திறக்கும். திறந்தால் போர்டின் பிரதான லைனுக்கு 19 வோல்ட் கிடைக்கிறது. அதிலிருந்து 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு லைன்கள் உடனே பிறக்கின்றன. பட்டனை அழுத்துவதற்கு முன்பே இவை இருக்க வேண்டும். 3.3 வோல்ட் கிடைத்ததும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்ன கணினி விழிக்கிறது; மெக்கானிக்குகள் ஐஓ ஐசி என்பது இதைத்தான். பக்கத்தில் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்ந்துகொண்டிருக்கும். இரண்டின் 15-ஆம் அடுக்கு அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு விநாடி. கடிகாரத்துக்காக வைத்த படிகம்தான். ஆனால் அது அதிராவிட்டால், போர்டின் பகுதிகளை ஒருங்கிணைக்கும் சிப்செட் எழுந்திருக்காது.

இப்போது பட்டனை அழுத்துகிறோம். எம்பெடட் கன்ட்ரோலர் சிப்செட்டுக்குச் செய்தி அனுப்புகிறது. சிப்செட் உறக்கக் கட்டளைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்கிறது. நினைவகத்தின் லைன் எழுகிறது. டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ட், டிடிஆர்3எல் என்றால் 1.35. பிறகு சிப்செட்டின் மற்ற லைன்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் பிராசஸரின் மைய லைன், ஏறத்தாழ 1 வோல்ட். ஒவ்வொரு லைனையும் உருவாக்கும் ஐசி தன் மின்னழுத்தம் நிலைபெற்றதும் 'பவர் குட்' என்ற சமிக்ஞையை உயர்த்துகிறது. அது வராமல் அடுத்த லைன் கிளம்பாது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டோக்கன் கைக்கு வராமல் அந்தக்கால ரயில் ஓட்டுநர் வண்டியை நகர்த்த முடியாது. இங்கும் அதே ஒழுங்கு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? எல்லா லைன்களையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் என்ன? காரணம் சிலிக்கானுக்குள் இருக்கிறது. சிப்பின் ஏறக்குறைய ஒவ்வொரு காலிலும் நிலைமின் தாக்குதலிலிருந்து காக்க நுண்ணிய டயோடுகள் வைத்திருக்கிறார்கள். சிப்புக்குச் சொந்த மின்சாரம் வருவதற்கு முன் பக்கத்துச் சிப் அதன் காலில் 3.3 வோல்ட்டைத் தள்ளினால், அது அந்த டயோடு வழியாகப் பின்வாசலால் உள்ளே நுழையும். சில நேரம் சிப்புக்குள் தேவையில்லாத ஒரு பாதை திறந்து, மின்சாரத்தை அணைக்கும்வரை மூடாமல் நின்றுவிடும். லாட்ச்-அப் என்ற அந்த நிலையில் சிப் சூடேறிக் கருகலாம். அதனால்தான் பொறியாளர்கள் வரிசையை இவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். இதே டயோடுகள் நோய் கண்டுபிடிக்கவும் உதவும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லா டோக்கன்களும் வந்து சேர்ந்தபின் சிப்செட் ரீசெட் பிடியை விடுகிறது. பிராசஸர் கண் விழித்து, 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியில் தன் முதல் கட்டளையைத் தேடுகிறது. அந்தக் கட்டளை இருப்பது போர்டின் மூலையில் உள்ள எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில். அந்த நொடியில் ராம் இன்னும் தயாராகவில்லை. பிராசஸர் தன் கேஷ் நினைவகத்தையே ராம் போலப் பாவித்து வேலையைத் தொடங்குகிறது. பட்டனை அழுத்தியதிலிருந்து இதுவரை நடந்ததற்கு ஒரு விநாடிகூடப் பிடித்திருக்காது.

இனி நோயாளி மேசைக்கு வரட்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டருக்குப் பதிலாக ஆய்வக மின்வழங்கி ஒன்றை இணைப்பதுதான் நல்ல தொடக்கம். மின்னழுத்தத்தை 19 வோல்ட்டில் வைத்து, மின்னோட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு கட்டிவிட்டு, முகப்பில் ஆம்பியர் எண்ணைக் கவனிக்க வேண்டும். போர்டைப் பற்றி முதலில் பேசுவது அந்த எண்தான். எண் பூஜ்யத்திலேயே நின்றால் மின்சாரம் வாசலைத் தாண்டவில்லை: சார்ஜர் சாக்கெட், ஃபியூஸ், வாசல் மாஸ்ஃபெட் என்று தேட வேண்டும். பட்டனை அழுத்தும் முன்பே சில பத்து மில்லியாம்பியர் காட்டினால் 3.3-ம் 5-ம் பிறந்து ஐஓ ஐசி விழித்திருக்க வாய்ப்பு அதிகம். பட்டனை அழுத்தியதும் எண் ஏறி, விழுந்து, மறுபடி ஏறினால் எங்கோ ஒரு பவர் குட் வந்து சேரவில்லை. போர்டு முயல்கிறது, டோக்கன் கிடைக்காமல் பின்வாங்குகிறது, மறுபடி முயல்கிறது. விசிறி சுற்றிச் சுற்றி நிற்பது இதனால்தான். இணைத்த கணமே எண் உச்சவரம்பில் போய் முட்டி, மின்னழுத்தம் தரைக்கு விழுந்தால் ஷார்ட்.

ஷார்ட் என்றால் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி, ஏனென்றால் ஷார்ட்டுக்கு ஓர் இடம் உண்டு, அதைத் தேடிப் பிடிக்கலாம். மின்சாரத்தை எடுத்துவிட்டு பிரதான லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளக்கிறோம், 0.4 ஓம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லைனில் தொங்கும் பல பத்து கெப்பாசிட்டர்களில் ஒன்று உள்ளுக்குள் உடைந்திருக்கலாம். அல்லது பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றில் மேல்பக்க மாஸ்ஃபெட் உருகி, 19 வோல்ட் லைனைப் பிராசஸரோடு நேராக ஒட்டவைத்திருக்கலாம். மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பிராசஸரின் மைய லைன் இயல்பிலேயே கிரவுண்டுக்கு மிகக் குறைந்த தடை காட்டும், சிலவற்றில் ஓர் ஓமுக்கும் கீழே. பழகாதவர் நல்ல பிராசஸரையே ஷார்ட் என்று நினைத்துவிடுவார்.

பிரித்தறிய வழி இருக்கிறது. பிரதான லைனில் ஒரு ப்ரோப், பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சாம்பல் நிறக் காயிலில் இன்னொரு ப்ரோப். இரண்டுக்கும் இடையே தடை கிட்டத்தட்ட இல்லை என்றால் மாஸ்ஃபெட் போய்விட்டது. அந்த நிலையில் 19 வோல்ட்டைச் செலுத்தினால் 1 வோல்ட்டுக்குப் பிறந்த பிராசஸரை நாமே கொன்றுவிடுவோம். ஏற்கெனவே யாராவது கொன்றும் இருக்கலாம். இந்த அளவீட்டுக்குப் பத்து விநாடி போதும். அதைச் செய்யாமல் மின்சாரம் கொடுப்பவரிடம் நான் எந்தப் போர்டையும் தரமாட்டேன்.

கெப்பாசிட்டர்தான் சந்தேகம் என்று ஆனபின் லைனுக்குள் 1 வோல்ட் மட்டும் செலுத்துகிறோம். மொத்தத் தடை 0.4 ஓம் என்றால் 2.5 ஆம்பியர் ஓடும், 2.5 வாட் வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதில்தான் அழகான இயற்பியல் இருக்கிறது. ஒரே மின்னோட்டம் பாதை முழுவதும் ஓடும்போது, எங்கே தடை அதிகமோ அங்கே வெப்பம் அதிகம். உடைந்த கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் குறுகிய பாலம்தான் பெரும்பாலும் அந்த இடம். 2 மில்லிமீட்டர் நீளமுள்ள உறுப்புக்குள் 2 வாட் என்றால் விரல் வைக்க முடியாத சூடு. போர்டின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிதாகப் பூசிவிட்டுக் குனிந்து பாருங்கள். ஈரம் எங்கும் ஒரே மினுமினுப்பாகப் படர்ந்திருக்கும். மின்சாரம் கொடுத்த சில விநாடிகளில் பழுப்பு நிறக் கெப்பாசிட்டர் வரிசையில் ஒன்றின் தலை மட்டும் சட்டென்று உலர்ந்து மங்கும்; ஈரம் அதன் விளிம்பிலிருந்து பின்வாங்கி ஒரு சின்ன வட்டமாகத் திறக்கும். வெப்பக் கேமரா இருந்தால் அதே இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

ஷார்ட் மிகச் சுத்தமாக, ஓமில் நூறில் ஒரு பங்காக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது கெப்பாசிட்டரைவிட நம் வயர்களுக்குத் தடை அதிகம்; வயர்தான் சூடாகும். அதற்கு வேறு வழி. மின்னோட்டம் ஓடும்போதே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து லைன் நெடுகிலும் தொட்டுக்கொண்டே போனால் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மிகக் குறைந்து நிற்கும் இடத்தின் பக்கத்தில் ஷார்ட் இருக்கிறது. செம்பின் மிகச் சிறிய தடையே இங்கே வழி காட்டுகிறது.

பீங்கான் கெப்பாசிட்டர் ஏன் இப்படி உடைகிறது? அது பேரியம் டைட்டனேட் பீங்கானையும் உலோகத்தையும் மாறி மாறி அடுக்கிச் சுட்டது; சில மைக்ரோமீட்டர் தடிமனில் நூற்றுக்கணக்கான அடுக்குகள் இருக்கும். பீங்கான் வளையாது, போர்டு வளையும். லேப்டாப் ஒருமுறை கீழே விழுந்தாலோ, ஒரு மூலையைப் பிடித்து நாள்தோறும் தூக்கினாலோ அடுக்குகளுக்குக் குறுக்கே மயிரிழை விரிசல் ஓடும். பல மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் ஈரமும் மின்புலமும் சேர்ந்து விரிசலுக்குள் ஒரு பாலம் கட்டிவிடும். கெட்டதை எடுத்துவிட்டால் போர்டு பெரும்பாலும் உடனே எழுந்துவிடும், ஏனென்றால் அதோடு இணையாக அதே வேலையைச் செய்ய இன்னும் பல இருக்கின்றன. ஆனாலும் அதே மதிப்புள்ள ஒன்றை அங்கே வைத்து ஒட்டிவிடுவதுதான் நேர்மையான வேலை. குறையவிட்டால் அந்த லைனில் மின்னழுத்தச் சிற்றலை கூடும், அடுத்தவற்றின் மேல் சுமை ஏறும்.

ஷார்ட் இல்லை, லைன் மட்டும் எழவில்லை என்றால் பொறுமை தேவை. இங்கே அந்தப் பாதுகாப்பு டயோடுகள் உதவிக்கு வருகின்றன. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு ப்ரோபை கிரவுண்டில் ஊன்றி, கறுப்பு ப்ரோபால் ஒவ்வொரு தடத்தையும் தொட்டால் சிப்புக்குள் இருக்கும் டயோடு 0.4, 0.5 என்று பதில் சொல்லும். முடிவிலி காட்டினால் தடம் நடுவில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அந்தக் கால் உள்ளே எரிந்திருக்கிறது. நல்ல போர்டின் எண்கள் கையில் இருந்தால் மின்சாரமே கொடுக்காமல் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

மீதிப் பாதிக்குச் சர்க்யூட் படம் வேண்டும். எந்த ஐசி எந்தச் சமிக்ஞைக்காகக் காத்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. வால்வு ரேடியோக் காலத்தில் பல பெட்டிகளின் உள்பக்கத்திலேயே சர்க்யூட் படத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான லேப்டாப் நிறுவனங்கள் அதை வெளியே தருவதில்லை. சென்னை ரிச்சி தெருவானாலும் நியூயார்க்கானாலும் பழுது பார்ப்பவர்கள் கசிந்து வந்த பிரதிகளை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். 2022 டிசம்பரில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது நல்ல தொடக்கம். போர்டின் சர்க்யூட் படத்தையும் அந்த உரிமையின் பகுதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காசு கொடுத்து வாங்கிய பொருளின் வரைபடம் வாங்கியவருக்குச் சொந்தம்.

தண்ணீர், டீ, காபி கொட்டிய போர்டுகள் தனி வகை. திரவம் மின்சாரத்தைக் கடத்திச் சுடுவதைவிட, பிறகு மெதுவாக அரிப்பதுதான் அதிக அழிவு. நேர்மின் பக்கத்துச் செம்பு அயனியாகக் கரைந்து, ஈரத்தின் வழியே எதிர்மின் பக்கத்துக்கு நகர்ந்து, அங்கே கிளை கிளையாகப் படிகிறது. ஒருபுறம் தடம் கரைகிறது, மறுபுறம் பாலம் வளர்கிறது. இதற்கு வேண்டியது ஈரமும் மின்னழுத்த வித்தியாசமும் மட்டுமே. அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் லேப்டாப்பில் பேட்டரி லைனும் அதிலிருந்து பிறக்கும் சில லைன்களும் இரவும் பகலும் உயிரோடு இருக்கின்றன அல்லவா? முதலில் பச்சை பூப்பது அங்கேதான். அதனால் டீ கொட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரியைப் பிரிப்பது. அரிசிக்குள் புதைப்பதால் சர்க்கரையும் உப்பும் போர்டை விட்டுப் போகாது. அந்த நேரத்தில் அரிப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இந்த அரிப்பு சில சமயம் விநோதமான நோய் தரும். மூடியைத் திறந்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு ஹால் சென்சார் உண்டு. 1879-ல் எட்வின் ஹால் கண்ட விளைவின்படி மூடியிலுள்ள காந்தத்தை உணர்வது. அதன் லைனை 3.3 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும் ஒரு ரெசிஸ்டர், எள்ளைவிடச் சிறியது, அரித்துப் போனால் மூடி மூடியிருக்கிறது என்று ஐஓ ஐசி நம்பிவிடும். சில மாடல்களில் அதன்பின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பதில் வராது. எல்லா லைன்களும் ஆரோக்கியம், எல்லாச் சிப்புகளும் ஆரோக்கியம். ஒரு பொய்ச் செய்தி மட்டும் போர்டைக் கட்டிப்போட்டிருக்கும்.

விசிறி ஓடுகிறது, படம் மட்டும் இல்லை என்ற வகையில் லைன்கள் பெரும்பாலும் எழுந்துவிட்டிருக்கும். ராமை மாற்றிப் பார்த்தபின் சந்தேகம் அந்த எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பின் மேல் விழும். அதிலுள்ள நிரல் சிதைந்தால் வன்பொருள் பழுதே இல்லாமல் போர்டு ஊமையாகும். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் வைரஸ் பல கணினிகளில் பயாஸ் எனப்படும் இந்த நிரலை அழித்துவிட்டுப் போனபோது உலகம் இதை நேரில் பார்த்தது. சரிசெய்ய ஒரு புரோகிராமர் கருவியால் சிப்பைப் படித்து, நல்ல பிரதியை எழுதலாம். ஆனால் அந்தச் சிப்பில் அந்த ஒரு இயந்திரத்துக்கே உரிய வரிசை எண், விண்டோஸ் உரிமத் திறவுகோல் போன்றவையும் இருக்கும். பழையதை முழுக்கப் படித்துப் பத்திரப்படுத்தாமல் மேலே எழுதுவது ஈடு செய்ய முடியாத இழப்பு.

படம் வராத இந்த வகைக்குத்தான் சூடான காற்றைப் பாய்ச்சும் ஹாட் ஏர் வைத்தியமும் அதிகம் நடக்கிறது. கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடாக்கினால் படம் வருகிறது, வாடிக்கையாளர் மகிழ்கிறார், சில வாரத்தில் திரும்பி வருகிறார். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் சிலவற்றின் உறைப்பொருளில் பலவீனம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அங்கே விரிசல் இருந்தது சிலிக்கானுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவேயுள்ள நுண்ணிய ஈயப் புடைப்புகளில். சிப்புக்கும் போர்டுக்கும் இடையே உள்ள ஈய உருண்டைகள் நன்றாகத்தான் இருந்தன. சூடு விரிசலைச் சற்று நெருக்கித் தொடவைக்கும். சூடேறி ஆறும் அன்றாடச் சுழற்சியில் அது மறுபடி பிரியும். அளக்காமல் சூடாக்குவதைப் பழுதுபார்ப்பு என்று நான் ஏற்றுக்கொள்வதில்லை. பாதி நேரம் அது அடுத்து வருபவருக்குக் கிடைக்க வேண்டிய தடயங்களையும் அழித்துவிடுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் போர்டு போனால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிவிடலாம். 2018 முதல் வந்த, டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள மேக்புக் ப்ரோக்களில் சேமிப்புச் சிப்புகளே போர்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றிலுள்ள தரவு மறையாக்கம் செய்யப்பட்டு, அதன் திறவுகோல் அதே போர்டிலுள்ள அந்த டி2 சிப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சேமிப்புச் சிப்பைப் பறித்து வேறு போர்டில் வைத்தால் கிடைப்பது அர்த்தமற்ற எண்கள்தான். நகல் எடுத்து வைக்காதவருடைய ஆய்வேடும் குழந்தையின் முதல் வருடப் படங்களும் வெளியே வர வேண்டுமானால் அந்தப் போர்டே ஒருமுறையாவது எழுந்து நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட போர்டில் நோயறிதலின் இலக்கும் மாறிவிடும். திரையின் பின்விளக்குச் சுற்று எரிந்திருந்தால் விட்டுவிடலாம், விசைப்பலகை அரித்திருந்தாலும் விட்டுவிடலாம். விசிறிகூட வெளியே வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாம். பிரதான லைன், டி2-வின் லைன்கள், சேமிப்புச் சிப்பின் லைன்கள், பிராசஸர், ஒரு யுஎஸ்பி-சி துளை: இவை மட்டும் உயிரோடு இருந்தால் போர்டை, இன்னொரு கணினிக்கு வெளி டிஸ்க் போலத் தெரியும் டார்கெட் டிஸ்க் நிலையில் எழுப்பி, உரிமையாளரே கடவுச்சொல்லைக் கொடுக்க, ஒரு கேபிள் வழியாக அத்தனையையும் வெளியே எடுத்துவிடலாம். நகல் முடியும்வரை மின்வழங்கியின் ஆம்பியர் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.